வெளித்தாழ்ப்பாளின் மேல் காய்ந்த பெயிண்ட்

இப்போதெல்லாம் சம்பவம் நடந்த இடத்தைச் செல்போனில் படம் பிடித்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு கையெழுத்துக்காக எங்கள் பழைய ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அங்கே இளம் பெண் எஸ்.ஐ. ஒருவர் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினார். அறையைச் சுற்றி ஒரு சுற்று, அவ்வளவுதான், முடிந்தது. படம் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. அவருடைய தேநீர் ஆறிப்போனது. வெளியே இரண்டு பேர் மனுவோடு எட்டி எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாறசாலைக்காரன். வீட்டில் தமிழ், படித்தது மலையாளம். கேரள போலீசில் சேர்ந்து, பயிற்சி முகாமில் இடது வலது திரும்பவும், துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும், சட்டப் பிரிவுகளை ராகம் போட்டு ஒப்பிக்கவும் கற்றேன். எழுதக் கற்றதெல்லாம் ஸ்டேஷனில்தான். இரண்டு மொழியும் வரும் என்பதால் எல்லையோரத்திலேயே என்னைச் சுற்ற விட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஹெட் கான்ஸ்டபிள் ஆனேன். ஊர்க்காரர்களுக்கு ஏட்டு.

அந்த வருடம்தான் பிரகாசன் எஸ்.ஐ.யாக வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒல்லியான ஆள், குரல் உயராது. ஆனால் மகசர் விஷயத்தில் அவரைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. மகசர் என்றால் சம்பவ இடத்தை அப்படியே எழுத்தில் வைப்பது. கதவு எந்தத் திசை, மேசை எத்தனை அடி, தரையில் என்ன கிடந்தது, எல்லாம் எழுதி, பக்கத்து ஆட்கள் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவரை நாங்கள் அதை ஒரு சடங்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். ‘பெரிய அறை, பழைய மேசை’ என்று ஓடிவிடும்.

பிரகாசன் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவார். ஒவ்வொரு வரியின் கீழும் விரல் போகும். ஒருநாள் என் மகசரில் ‘பெரிய’ என்ற சொல்லில் விரல் நின்றது.

“ஏட்டே, பெரியன்னா எத்ர அடி?”

திரும்பிப் போய் அளந்துவிட்டு வந்தேன்.

அதோடு விடவில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் முற்றத்துக்கு வரச் சொல்வார். நடுவில் நின்று கண்களை இறுக மூடிக்கொள்வார். நான் வாசிக்க வேண்டும். ‘வாசலில் இருந்து தெற்கே நாலு அடி’ என்றால் தெற்கே நாலு அடி நடப்பார். ‘வலப்பக்கம் அலமாரி’ என்றால் கையை நீட்டித் தொடுவது போலச் செய்வார். மகசரை வைத்து மட்டும் அந்த அறைக்குள் அவரால் நடமாட முடிய வேண்டும். ஒரு தடவை இடதுக்கு வலது என்று எழுதி வைத்திருந்தேன். சார் நேராகப் போய் ஜீப்பில் முட்டினார். முழங்கால் வீங்கிவிட்டது. கோபப்படவில்லை. “இதுதான் கோர்ட்டில நடக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் இடது வலது மாற்றி எழுதியதே இல்லை.

இனி வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் எல்லைக்குள் ஒரு எய்டட் பள்ளிக்கூடம் இருந்தது. சம்பளம் அரசாங்கம் தரும், ஆளைப் போடுவது நிர்வாகி. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஒரு வகுப்பை எடுத்துவிடுவார்கள், ஒரு வாத்தியாருக்கு வேலை போகும். அந்த வருடம் எண்ணிக்கை குறைந்துவிட்டது. போக வேண்டியவர் கடைசியாகச் சேர்ந்த டீச்சர். அவர் நிர்வாகியின் தம்பி மகள்.

ஹெட்மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். வராத பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேடுகளில் ஏற்றினார். தமிழ் ஐந்தாம் வகுப்பில் மட்டும் பதினான்கு பெயர். அந்த வகுப்பின் டீச்சர் ஸ்டெல்லா. பொழியூர்ப் பக்கம் கடற்கரையில் பிறந்தவர், அப்பா கடலுக்குப் போகிறவர். அவர்கள் தெருவில் முதன்முதலாக டீச்சர் வேலைக்கு வந்தவர் அவர்தான். இல்லாத பிள்ளைகளுக்கு ‘வந்தார்’ என்று போட மாட்டேன் என்றுவிட்டார். கல்வி அதிகாரி தலை எண்ண வந்தபோது, பெஞ்சில் இருந்த பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லி, அந்த எண்ணைத்தான் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஹெட்மாஸ்டர் அறையில் சண்டை. அன்று மதியமே ஹெட்மாஸ்டர் முழங்கையில் கட்டோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ஸ்டெல்லா தன்னைப் பிடித்துத் தள்ளினார், பதிவேட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு போனார், போகிறபோது கதவை வெளியே தாழிட்டு ஒரு மணி நேரம் தன்னை அடைத்து வைத்தார், பியூன் வந்துதான் திறந்துவிட்டார் என்று புகார். அடித்தது, அடைத்தது, ஆவணத்தை நாசமாக்கியது என்று மூன்று பிரிவுகளில் நான்தான் முதல் தகவல் அறிக்கை எழுதினேன். இதில் எது நிரூபணமானாலும் டீச்சரின் வேலை போய்விடும்.

சாயங்காலம் ஸ்டெல்லா தானாகவே வந்தார். கூட அவருடைய அப்பா, கழுத்தில் துண்டு, கையில் உப்புக் காய்ந்த தழும்புகள். பிரகாசன் சார் உட்காரச் சொன்னார். புகாரில் இருந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மா தலையை நிமிர்த்தித்தான் பதில் சொன்னார்.

“தள்ளினது உண்டு சார். கையப் பிடிச்சு எழுதுன்னு சொன்னாரு, தள்ளிட்டேன். மேசையில போய் இடிச்சாரு. புஸ்தகத்த நான் கீறல்ல. கதவும் பூட்டல்ல.”

தள்ளியதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அப்பா முணுமுணுத்தார். அவர் திரும்பி, “நடந்தது ஆக்கும் அப்பா” என்றார். ஜாமீன் எழுதி இரண்டு பேரையும் அனுப்பினோம். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் அவரை சஸ்பெண்ட் செய்தது.

மறுநாள் காலை சாருக்கு வேறொரு பந்தோபஸ்து. மகசர் எழுத என்னை அனுப்பினார். நான் அளவு நாடாவோடு போனேன். சாட்சிக்கு எதிர்க்கடைக்காரரையும் தபால்காரரையும் கூட்டிக்கொண்டேன். ஹெட்மாஸ்டர் பவ்யமாக வரவேற்றார், இளநீர் கொண்டுவரச் சொன்னார். அளந்துவிட்டுக் குடிக்கிறேன் என்றேன்.

அறைக்கு ஒரே கதவு. உள்ளே ஒரு தாழ்ப்பாள், எண்ணெய் போட்டு வழவழவென்று ஓடியது. வெளியேயும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. சரி, இதைத்தான் போட்டிருக்கிறார் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். அப்போது பிரகாசன் சார் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவது நினைவுக்கு வந்தது. நானும் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். தாழ்ப்பாள் அசையவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினேன். அப்போதும் அசையவில்லை. குனிந்து பார்த்தேன்.

கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தபோது தாழ்ப்பாளின் மேலேயும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். தண்டும் வளையமும் தகடும் ஒன்றாக ஒட்டிக் காய்ந்திருந்தன. ஒரு கீறல் இல்லை, ஒரு பிளவு இல்லை. பெயிண்ட் அடித்த நாளில் இருந்து அந்தத் தாழ்ப்பாளை யாரும் தொட்டதே இல்லை!

என் காது சூடாகிவிட்டது. முகத்தில் எதையும் காட்டாமல் எழுதினேன். கடைக்காரரையும் தபால்காரரையும் கூப்பிட்டு, அவர்கள் விரலாலும் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். தபால்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கண்ணாலேயே அடக்கினேன்.

பிறகு பதிவேடு. கிழித்த நாலு தாளின் அடிப்பகுதி தையலோடு இருந்தது. கோபத்தில் கிழித்தால் ஓரம் கோணல்மாணலாக நிற்கும். இது அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தது. வெட்டியது. மேசையின் இடது ஓரத்தில் பென்சில் சீவுகிற பாதி பிளேடு கிடந்தது. அது இதற்கு உதவியதா என்பது என் வேலை இல்லை. கிடந்ததைக் கிடந்தது என்று எழுதினேன். இளநீர் குடிக்காமலே புறப்பட்டேன்.

பிற்பகல் மூன்றரைக்கு சார் வந்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். வாசித்தார். எழுந்து முற்றத்துக்குப் போய் கண்ணை மூடினார். நான் வாசிக்க வாசிக்க அந்த அறைக்குள் நடந்தார், கதவருகே வந்தார், வெளித்தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினார். ‘மூன்று பேர் தள்ளியும் அசையவில்லை’ என்று வாசித்தேன். அவர் கண்ணைத் திறந்தார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. பெரிய இடத்தில் இருந்து. நிர்வாகி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது சாரின் பதில்களில் இருந்தே தெரிந்தது. மகசர் எழுதியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். மகசர் சாருடைய இன்னொரு கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, மலையாளத்தில் மிக மரியாதையாக, அது நீதிமன்றத்துக்குப் போய்விட்டது சார் என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதை உண்மையாக்க எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

“ஏட்டே, அஞ்சு மணிக்கு முன்னே கோர்ட் முத்திரை விழணும்” என்றார்.

கோர்ட் இருந்த நெய்யாற்றின்கரைக்கு பஸ் உடனே கிடைத்தது. ஜீப்பை எடுத்தால் யார் கண்ணிலாவது படும் என்று நானேதான் பஸ்ஸில் ஏறினேன். தாள்களைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அமரவிளை வரை பறந்தது. அங்கே செக்போஸ்டில் லாரிகள் மூன்று வரிசையாக நின்றன. முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. நாலரை. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார்.

இறங்கி ஓடினேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் தார் ரோட்டில் அடிக்க, வயது நாற்பதை நெருங்கிய தொப்பைக்கார ஏட்டு ஒருவன் நெடுஞ்சாலையில் ஓடுகிறான்! கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். திருடனைத் துரத்துகிறேன் என்று நினைத்து ஒருவர் கூடவே கொஞ்ச தூரம் ஓடி, எந்தப் பக்கம் போனான் என்று கேட்டார். பேச எனக்கு மூச்சு இல்லை. ஆற்றுப் பாலத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் தொண்டு என்கிற தேங்காய் மட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று நெரிசலில் இருந்து எப்படியோ பிதுங்கி வந்தது. கையைக் காட்டினேன்.

“ஏறும் ஏட்டே” என்றார் டிரைவர். என்ன ஏது என்று கேட்கவில்லை.

கோர்ட் அலுவலகத்தில் குமாஸ்தா சாவியை எடுத்துவிட்டார். என் கோலத்தைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்தார். சட்டைக்குள் இருந்து தாள்களை எடுத்தேன். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது, எழுத்து கலையவில்லை. முத்திரை விழுந்த சத்தம் இருக்கிறதே, அதற்கு இணையாக ஒரு சத்தத்தை என் சர்வீசில் நான் கேட்டதில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக நாலு நிமிடம்.

ஆறு வாரத்தில் பிரகாசன் சாரைக் மலையோரக் கள்ளிக்காடு ஊர்ப் பக்கம் மாற்றினார்கள். புதிதாக வந்தவர் ஹெட்மாஸ்டரும் பியூனும் சொன்னபடியே குற்றப்பத்திரிகை போட்டார். ஆனால் மகசர் கோர்ட்டுக் கட்டில் இருந்தது. அதை யாராலும் மாற்ற முடியாது, யாரும் படிக்காமல் விடத்தான் முடியும்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடத்துக்கும் மேல் ஆனது. அதுவரை ஸ்டெல்லா டீச்சருக்கு வகுப்பு இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய அப்பா கடலுக்குப் போகாமல் வந்து கோர்ட் வராந்தாவில் நிற்பார். நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள் காலையில் புதிய எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டார். தாழ்ப்பாள் பற்றிக் கேட்டால் சரியாக நினைவில்லை என்று சொன்னால் போதும் என்றார். எனக்குப் பதவி உயர்வு வரப்போகிற நேரம் அது என்பதையும் ஞாபகப்படுத்தினார். சரி சார் என்று சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் சல்யூட் அடித்துவிட்டு வந்தேன்.

கூண்டில் ஏறினேன். எனக்கு முன்பே ஹெட்மாஸ்டரும் பியூனும் சாட்சி சொல்லி முடித்திருந்தார்கள். வெளித்தாழ்ப்பாளைத் தான்தான் இழுத்துத் திறந்ததாகப் பியூன் சத்தியம் செய்திருந்தார். அரசு வக்கீல் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். இது உங்கள் மகசரா, இது உங்கள் கையெழுத்தா. ஆமாம், ஆமாம். பிறகு டீச்சரின் வக்கீல் எழுந்தார். இளைஞர், அன்று அவருக்கு வேறு கோர்ட்டிலும் வழக்கு இருந்ததாம். சாட்சிகளை நீங்களாகச் சேர்த்தீர்களா, எப்போது போனீர்கள் என்று பொதுவாக நாலைந்து கேட்டார்.

“வேறில்லை” என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் தாழ்ப்பாள் பற்றிய வரியைப் படிக்கவே இல்லை! கூண்டில் நிற்கிற சாட்சி கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லலாம். கேட்காததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இறங்கலாம் என்று பெஞ்ச் கிளார்க் கையைக் காட்டிவிட்டார். ஒரு காலைக் கீழே வைத்தும்விட்டேன்.

“நில்லுங்கள்” என்றார் மாஜிஸ்திரேட்.

கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா அவர். அதுவரை மகசரைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெளித்தாழ்ப்பாளின் மேல் பெயிண்ட் காய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பெயிண்ட் உடைந்திருந்ததா என்று மலையாளத்தில் கேட்டார். இல்லை என்றேன். அந்தத் தாழ்ப்பாள் அசையுமா என்றார். அசையாது, நான் தள்ளிப் பார்த்தேன், இரண்டு சாட்சிகளும் தள்ளிப் பார்த்தார்கள் என்றேன். அரசு வக்கீல் எழுந்து, சாட்சி இப்போது புதிதாகச் சேர்த்துச் சொல்கிறார் என்று ஆட்சேபித்தார்.

“அடுத்த பக்கம், மூணாவது வரி” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மாஜிஸ்திரேட் பக்கத்தைத் திருப்பினார். அந்த வரியைத் தானே வாசித்துப் பதிவு செய்யச் சொன்னார். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, தாள் போன இடத்தை விரித்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கிழித்ததா இது என்று யாரிடமும் கேட்காமல் கேட்டார். டீச்சரின் வக்கீல் துள்ளி எழுந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் கேள்வி! பிளேடு வரைக்கும் வந்துவிட்டார். உள்தாழ்ப்பாள் நன்றாக ஓடியதா என்று கேட்டார். எண்ணெய் போட்டிருந்தது என்றேன். ஹெட்மாஸ்டர் பின்பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே தாழிட்டுக்கொண்டு பிளேடும் பதிவேடுமாக ஒரு மணி நேரம் அவர் என்ன செய்தார் என்பதை இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாய்தாவில் ஸ்டெல்லாவிடம் மாஜிஸ்திரேட் நேரடியாகக் கேட்கிற கட்டம். எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள் என்று அவருடைய வக்கீல் வராந்தாவிலேயே சொல்லிக்கொடுத்தது என் காதில் விழுந்தது. ஜெயித்த வழக்கு. ஒரு ‘இல்லை’ சொன்னால் முடிந்தது. அடைத்தீர்களா? இல்லை. கிழித்தீர்களா? இல்லை. தள்ளினீர்களா?

“தள்ளினேன்” என்றார். “கையப் பிடிச்சாரு. ஆனாலும் தள்ளினது உண்டு.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். இந்த அம்மா ஏன் இப்படிச் செய்கிறார் என்று கத்தத் தோன்றியது. மறு நொடியே, இல்லாத பதினான்கு பிள்ளைகளுக்கு வருகை போடாத ஆள் வேறென்ன சொல்வார் என்றும் தோன்றியது.

தீர்ப்பு நாளில் எனக்கு அங்கே வேலை இல்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். அடைத்ததும் கிழித்ததும் பொய், விடுதலை. தள்ளியதற்குக் குற்றவாளி, ஆனால் எச்சரித்து விட்டுவிடுகிறேன், இது அவருடைய வேலையைப் பாதிக்கக் கூடாது என்று தனியாகவே எழுதியிருந்தார் மாஜிஸ்திரேட். பதிவேட்டைப் பற்றித் துறை விசாரிக்க வேண்டும் என்றும் ஒரு வரி. அப்பாவுக்குச் சட்ட மலையாளம் புரியவில்லை. தோற்றாச்சா என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். மகளுக்கு வேலை உண்டு என்று தமிழில் சொன்னேன். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குப் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. பிரகாசன் சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எதையும் பாராட்டவில்லை. முத்திரையில் நேரம் தெளிவாக விழுந்திருந்ததா என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அன்று வராந்தாவில் நான் பார்த்தது ஒன்று உண்டு. ஹெட்மாஸ்டர் தனியாக நின்றார். நிர்வாகி தரப்பில் ஒருவரும் அவரோடு வரவில்லை. ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருந்தது அவருக்கு, முகம் கறுத்திருந்தது. ஸ்டெல்லா நேராக அவரிடம் போனார். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்து நான் இரண்டு அடி முன்னால் வைத்தேன்.

“தள்ளினது தப்பு சார்” என்றார். “பொறுக்கணும்.”

ஹெட்மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்ற வண்டிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஆர்டர் கிட்டினதும் வந்திரணும் டீச்சர். அஞ்சாம் கிளாஸ் ஆளில்லாம கெடக்கு.”

“வாறேன் சார்” என்றார் ஸ்டெல்லா.